உள்ளே ஓடும் ஒரு நாள்

கோழி கூவியா பொழுது விடிகிறது என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் பொழுது விடிந்ததைப் பார்த்தும் கோழி கூவுவதில்லை. கிழக்கே ஒரு கீற்று வெளுப்புகூட இல்லாத நேரத்தில் முதல் கூவல் வந்துவிடுகிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் மங்கல் என்று பழக்கிய அறையில், விளக்கு எரிவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே சேவல்கள் கூவத் தொடங்கின. பிறகு விளக்கே போடாமல் நாள் முழுதும் மங்கலாகவே விட்டார்கள். அப்போதும், விடிந்திருக்க வேண்டிய நேரத்தையொட்டிக் கூவல் கேட்டது. ஒரே கூட்டத்தில் வாழும் சேவல்களில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தங்கள் அந்தஸ்து வரிசைப்படி தொடரும் என்பது அதே குழுவின் அடுத்த ஆய்வில் தெரிந்தது. ஆக, ஒரு கூட்டத்தின் விடியலை அறிவிப்பது ஒரு சேவலின் உடம்புக்குள் ஓடும் ஏதோ ஒன்று.

அந்த ஏதோ ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இருள் பிரியும் முன் எழுந்து மொட்டைமாடிக்குப் போகும் பழக்கம் எனக்கு வெகுகாலமாக உண்டு. அந்த நேரத்தில் கரிச்சான் குரல் கொடுக்கும், வௌவால்கள் திரும்பும், எங்கோ ஒரு பூ ஏற்கெனவே விரிந்து மணம் வந்துகொண்டிருக்கும். இவை எல்லாம் சூரியனுக்குப் பதில் சொல்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. இவை சூரியனை எதிர்பார்த்து நடக்கின்றன. நாள் என்பது வானத்தில் ஒன்றும் உயிரின் உடம்புக்குள் ஒன்றுமாக இரண்டு இடத்தில் ஓடுகிறது. இரண்டும் கச்சிதமாகப் பொருந்துவதில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் ஈர்ப்பது.

வானத்து நாளே நாம் நினைப்பதுபோல் சீரானது அல்ல. பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையிலும் பூமி கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியன் மறுபடி உச்சிக்கு வர இன்னும் நான்கு நிமிடம் போலத் திரும்ப வேண்டியிருக்கிறது. இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஏதாவது ஒரு நட்சத்திரம் ஒரு சுவரின் விளிம்பைத் தொடும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த இரவு அதே இடத்தில் நின்று பாருங்கள். நான்கு நிமிடம் முன்னதாகத் தொட்டிருக்கும். ஒரு மாதத்தில் அது இரண்டு மணி நேரமாகும்; ஒரு வருடத்தில் ஒரு முழுச் சுற்று.

சரி, சூரியனின் நாளாவது 24 மணி நேரமா என்றால் அதுவும் சராசரிதான். பூமியின் பாதை சரியான வட்டம் அல்ல, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகலுக்கு டிசம்பர் கடைசியில் 24 மணி நேரத்தைவிட அரை நிமிடம் கூடுதலாகவும், செப்டம்பர் நடுவில் 20 விநாடி போலக் குறைவாகவும் ஆகிறது. இந்தச் சிறு வித்தியாசங்கள் சேர்ந்துகொண்டே போய், நவம்பர் தொடக்கத்தில் நிழற்கடிகாரம் நம் கைக்கடிகாரத்துக்கு 16 நிமிடம் முந்தி நிற்கும். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தி நிற்கும். நிலவின் நாள் இன்னும் நீளம்: சராசரியாகத் தினமும் 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. கடலோரத்து நண்டும் சிப்பியும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டிய நாள் அதுதான். ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், நிலவைப் பின்பற்றுகிறது.

காற்றுக்கும் நாள் உண்டு. மிகக் குளிரான நேரம் நள்ளிரவு அல்ல, சூரியன் எழுந்த சற்று நேரத்துக்குள் வருவது. இரவு முழுதும் தரை வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது; வரும் வெயில் அந்த இழப்பை மிஞ்சும்வரை குளிர் கூடத்தான் செய்யும். பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு வெக்கை உச்சத்தைத் தொடுவதும் இதே கணக்கின் மறுபக்கம். இதைவிட வியப்பு காற்றழுத்தத்தில் இருக்கிறது. வெப்பமண்டலத்தில் ஒரு நல்ல அழுத்தமானியை வைத்துப் பார்த்தால், தினமும் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் அழுத்தம் ஏறியிருக்கும். அதிகாலை நான்கு மணியளவிலும் மாலை நான்கு மணியளவிலும் இறங்கியிருக்கும். மேலே ஓசோனும் கீழே நீராவியும் வெயிலை உறிஞ்சிச் சூடாவதால் காற்று மண்டலம் முழுவதிலும் எழும் ஓதம் இது. கடலுக்கு மட்டும்தான் ஓதம் என்று நினைத்திருந்த எனக்கு, தலைக்கு மேலே ஒரு காற்றுக் கடல் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது என்று தெரிந்தது பெரிய மகிழ்ச்சி. வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். பகலில் கிடைக்காத தொலைதூர மத்திய அலை நிலையங்கள் இரவில் தெளிவாகக் கேட்கும். அயனி மண்டலத்தின் கீழடுக்கு பகலில் அந்த அலைகளை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, மேலடுக்குகள் அலைகளைத் திருப்பி அனுப்புகின்றன.

இவையெல்லாம் உயிரற்றவை. வெயில் வந்தால் ஏறும், போனால் இறங்கும். நாளைக்கு விடியும் என்று காற்றுக்குத் தெரியாது. தொட்டாற்சிணுங்கிக்குத் தெரியும்.

1729-இல் இதைக் கவனித்தவர் ஒரு வானியலாளர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிரான்ஸைச் சேர்ந்த ஷான்-ஷாக் தோர்து த மைரான். தொட்டாற்சிணுங்கியின் இலைகள் பகலில் விரிந்து இரவில் கூம்புவதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வெளிச்சத்தின் வேலை என்று விட்டுவிட்டார்கள். அவர் செடியைக் கொண்டுபோய் இருட்டில் வைத்தார். வெயிலே படாத இடத்திலும் பகல் நேரத்தில் இலைகள் விரிந்தன, இரவு நேரத்தில் கூம்பின. செடிக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது என்று அவர் சொல்லிவிடவில்லை. சூரியனைப் பார்க்காமலே செடி ஏதோ வகையில் உணர்கிறது என்றுதான் நினைத்தார். அந்த ஐயம் நியாயமானது. இருட்டறைக்குள்ளும் வெப்பம் ஏறி இறங்கலாம், வேறு ஏதாவது கசியலாம்.

ஐயம் தீர நூறு வருடம் ஆனது. 1832-இல் சுவிஸ் தாவரவியலாளர் த காண்டோல், மாறாத நிலையில் வைத்த தொட்டாற்சிணுங்கியின் சுற்று 24 மணி நேரம் அல்ல, 22 அல்லது 23 மணி நேரம் என்று கண்டார். இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். வெளியிலிருந்து ஏதோ ஒன்று அந்தச் செடியை இயக்கியிருந்தால் சுற்று சரியாக 24 மணி நேரமாக இருந்திருக்க வேண்டும். தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் முந்திக்கொண்டே போகிறது என்றால், அந்த நாள் செடிக்குச் சொந்தமான நாள். கடிகாரம் இருப்பதற்குச் சான்று, அது சரியாக ஓடாமல் இருப்பதுதான்.

செடிகள் இந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்யும் வேலைகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இளம் சூரியகாந்தி பகலில் சூரியனோடு மேற்கே திரும்புவது எல்லோருக்கும் தெரிந்தது. இரவில் அது என்ன செய்கிறது என்று நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. தண்டின் மேற்குப் பக்கம் இரவில் அதிகமாக வளர்ந்து, விடிவதற்குள் தலையை மறுபடி கிழக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. வெளிச்சமே இல்லாத நேரத்தில் வெளிச்சம் வரப்போகும் திசைக்குத் திரும்பிக் காத்திருக்கிறது! முற்றிய பூ அசையாமல் கிழக்கையே பார்த்து நின்றுவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட சில பூக்களைத் தொட்டியோடு மேற்கே திருப்பி வைத்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில், காலையில் சூடேறியிருந்த கிழக்குப் பார்த்த பூக்களுக்கு ஐந்து மடங்கு தேனீக்கள் வந்திருந்தன.

ரணகள்ளி இலையை நாக்கில் வைத்துப் பார்த்த ஒருவர் இருந்தார். இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன். காலையில் புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு என்று அவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி அனுப்பினார். காரணம் பின்னால்தான் தெரிந்தது. வறண்ட இடத்துச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்தால் நீர் ஆவியாகிப் போய்விடும். அதனால் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பகலில் துளையை மூடிக்கொண்டு அந்தச் சேமிப்பை வெயிலில் உணவாக்குகிறது. கள்ளிக்கும் அன்னாசிக்கும் இதே வழிதான்.

தேனீக்களிடம் போனால் நேரம் இன்னும் கூர்மையாகிறது. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினால், மறுநாள் தட்டு காலியாக இருந்தாலும் அதே நேரத்துக்கு வந்து நிற்கும் என்று 1929-இல் இங்கபோர்க் பேலிங் காட்டினார். பூ ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் தேன் சுரக்கும் உலகத்தில் இது பிழைப்புக்கான அறிவு. ஆனால் நேரத்தைத் தேனீ சூரியனிடமிருந்து படிக்கிறதா, தனக்குள்ளிருந்தா? 1955-இல் மாக்ஸ் ரென்னர் பாரிஸில் ஒரு மூடிய அறைக்குள் தேனீக்களைப் பழக்கி, ஒரே இரவில் விமானத்தில் நியூயார்க் கொண்டுபோய், அதேபோல் அமைத்த இன்னொரு அறையில் விட்டார். கடைசியாகத் தின்று 24 மணி நேரம் ஆனதும் அவை உணவுக்கு வந்தன. பாரிஸ் நேரம்தான் அவற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனையும் கடலில் நடப்பதற்கு முன் சிறியவை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக ஒலி அலைகளை ஆழத்துக்கு அனுப்பிச் சோதித்தவர்கள், கடலடி இருக்கவே முடியாத ஆழத்தில் ஒரு தளம் எதிரொலிப்பதைக் கண்டார்கள். பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் இருந்த அந்தத் தளம், அந்தி சாய்ந்ததும் மேலே ஏறியது. விடியுமுன் மறுபடி இறங்கியது. அது தரை அல்ல, உயிர்த்திரள். மில்லிமீட்டர் கணக்கில் நீளமுள்ள துடுப்புக்காலிகள், இறால் போன்ற கிரில், அவற்றைத் தின்னும் விளக்கு மீன்கள், சிறு கணவாய்கள் எல்லாம் சேர்ந்து தினமும் இருட்டில் மேலே வந்து மேய்ந்துவிட்டு, பகலில் தங்களைப் பார்த்து வேட்டையாடும் கண்களுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகின்றன. எடைக் கணக்கில் பூமியில் நடக்கும் மிகப் பெரிய இடப்பெயர்ச்சி இது. பறவைகள் வலசை போவதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். ஒவ்வோர் அந்தியிலும் உலகத்தின் எல்லாப் பெருங்கடல்களிலும் நடக்கும் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மேலே தின்றதைக் கீழே போய்க் கழிப்பதால், காற்றிலிருந்து கடல் வாங்கிய கரியின் ஒரு பகுதியும் இவற்றோடு ஆழத்துக்குப் போகிறது. 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தின்போது அமெரிக்காவின் மேற்குக் கரைக் கடலில் ஒலிக்கருவிகள் இந்தத் திரளைக் கவனித்தன. வெளிச்சம் மங்க மங்க அவை மேலே ஏறத் தொடங்கின; வெளிச்சம் திரும்பியதும் இறங்கின.

மேலே ஏறுவதா இறங்குவதா என்று வெளிச்சமும் சொல்கிறது, உள்ளே இருக்கும் கடிகாரமும் சொல்கிறது. அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? உறுப்பு எதையும் தேட வேண்டாம், ஒரு செல் போதும். 1971-இல் சீமோர் பென்சரும் அவருடைய மாணவர் ரொனால்ட் கொனோப்காவும் பழ ஈக்களில் மூன்று விதமான பிறழ்வுகளைக் கண்டார்கள். ஒரு வகைக்கு நாள் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28, மூன்றாவதற்கு நாளே இல்லை. மூன்றுக்கும் காரணம் ஒரே மரபணு. அது வேலை செய்யும் விதத்தைப் பின்னால் பிரித்தறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. மேல்தொட்டி நிரம்பியதும் தானாக நின்று, காலியானதும் தானாக ஓடும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. புரதம் இரவில் சேர்ந்துகொண்டே போய், செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கிய மரபணுவையே நிறுத்திவிடுகிறது. பிறகு புரதம் சிதைந்து தீர்ந்ததும் மரபணு மறுபடி விழித்துக்கொள்கிறது. இந்தச் சுற்று முழுமையாக ஏறக்குறைய 24 மணி நேரம்.

இதைவிட எளிய கடிகாரம் நீலப்பச்சைப் பாக்டீரியாவில் இருக்கிறது. 2005-இல் டகாவோ கொண்டோவின் குழு, அந்தப் பாக்டீரியாவின் மூன்று புரதங்களை மட்டும் எடுத்து, செல்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் ஏடிபி என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, சோதனைக் குழாயில் வைத்தது. செல் கிடையாது, மரபணு கிடையாது, உயிரே கிடையாது. அந்தத் திரவம் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வேதியியல் நிலையை மாற்றிக்கொண்டு நாள் கணக்கில் ஓடியது. சூட்டைக் கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் வேகம் மாறவில்லை. வேதிவினைகள் பொதுவாகச் சூட்டில் வேகமெடுக்கும் என்பதை யோசித்தால், இதன் அருமை புரியும்.

மனிதருக்கு வருவோம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் உள்ள ஒரு கொத்து நம் தலைமைக் கடிகாரம். கல்லீரல், இதயம் என்று மற்ற உறுப்புகளுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. சாப்பிடும் நேரத்தைக் கல்லீரல் மிக உன்னிப்பாகக் கவனிக்கிறது. 1962-இல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் பனி உறைந்த குகை ஒன்றுக்குள் கடிகாரம் இல்லாமல் இறங்கி இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் தூங்கி விழித்த குறிப்புகளைப் பார்த்தால் உடம்பு தொலைந்துபோயிருக்கவில்லை. ஏறக்குறைய 24 மணி 30 நிமிடச் சுற்றில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மனம் இழந்த கணக்கை உடம்பு வைத்திருந்தது. பின்னால் கவனமாக அளந்தபோது, மனிதரின் உள்நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

அந்தப் பதினொரு நிமிடத்தைத் தினமும் யார் திருத்துகிறார்கள்? காலை வெளிச்சம். பார்ப்பதற்கு உதவும் அணுக்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமியுள்ள வேறு சில அணுக்கள் விழித்திரையில் இருக்கின்றன. அவை உருவங்களைக் காட்டுவதற்கானவை அல்ல. வானத்தின் நீல வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் கடிகாரத்துக்குச் சொல்லும். வெளிச்சமே உணர முடியாத பார்வையற்றவர்கள் பலருக்குத் தூக்கம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், சில வாரம் இரவிலும் சில வாரம் பகலிலும் வருவது இந்தத் திருத்தம் கிடைக்காததால்தான்.

நான் சில காலம் இரவுப் பணி பார்த்திருக்கிறேன். பகலில் எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்காத உடம்பாகவே இருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு வரும் குளிரும் சோர்வும் எவ்வளவு பழகினாலும் போகாது. அந்த நேரத்தில் உடல் வெப்பம் அன்றைய அளவில் மிகக் கீழே இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007-இல் சேர்த்தது. 2019-இல் அதையே உறுதி செய்தது. மருத்துவமனையும் ரயிலும் இரவில் ஓடத்தான் வேண்டும். ஆனால் யாருக்கும் பயன்படாமல் விடிய விடிய எரியும் விளம்பரப் பலகைகளுக்கும் கட்டடங்களின் அலங்கார வெளிச்சத்துக்கும் எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை. அவை நம்மை மட்டும் தொடுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த கடலாமைக் குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊரும். அது கடலாக இருந்தது ஒரு காலம். இப்போது பல கரைகளில் அது சாலை விளக்கு. இரவை இருட்டாக விடுவது நாம் செய்யக்கூடிய எளிய நல்ல காரியங்களில் ஒன்று. அணைத்தால் போதும், அந்தக் கணமே இரவு திரும்பிவிடும்.

நாளே இல்லாத இடங்களில் என்ன ஆகும்? ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கோடை முழுதும் சூரியன் மறையாது, குளிர்காலம் முழுதும் எழாது. அங்கே வாழும் கலைமான்கள் அந்த மாதங்களில் தினச் சுற்றைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றன. நேரம் பார்க்காமல் மேய்கின்றன, நேரம் பார்க்காமல் படுக்கின்றன. அதே ஆர்க்டிக்கின் குளிர்காலக் கடலுக்குள் இருக்கும் மிதவை உயிர்கள் வேறு வழி கண்டிருக்கின்றன. சூரியன் இல்லையென்றால் நிலவு. துருவ இரவில் நிலவு ஏறும்போது அவை இறங்குகின்றன; அவற்றின் நாள் 24 மணி நேரத்திலிருந்து 24 மணி 50 நிமிடத்துக்கு மாறிவிடுகிறது.

நாளின் நீளமும் நிலையானது அல்ல. ஓதத்தின் உராய்வால் பூமியின் சுழற்சி தளர்ந்துகொண்டே வருகிறது. நூற்றாண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லி விநாடி நாள் நீள்கிறது, நிலவு வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. இதற்குச் சாட்சி சொல்லும் உயிர்களும் உண்டு. பவளம் தினமும் ஒரு மெல்லிய சுண்ணாம்பு வரியைச் சேர்த்து வளரும். 1963-இல் ஜான் வெல்ஸ், 35 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய டெவோனியக் காலப் பவளப் புதைபடிவங்களில் ஒரு வருட வளர்ச்சிக்குள் இருந்த வரிகளை எண்ணினார். ஏறக்குறைய 400. வருடத்தின் நீளம் மாறவில்லை என்பதால், அந்தக் கடலில் ஒரு நாள் 22 மணி நேரம்தான் இருந்திருக்கிறது.

அப்படியானால் உயிர்களின் உள்நாளும் கூடவே நீண்டு வந்திருக்க வேண்டும். எப்படி என்பதற்கு 1998-இல் வெளியான ஒரு சோதனை நல்ல தடயம் தருகிறது. கடிகாரச் சுற்று குறுகிய நீலப்பச்சைப் பாக்டீரியாவையும், சுற்று நீண்ட வகையையும் ஒரே குடுவையில் கலந்து வளர்த்தார்கள். தனித்தனியே வளர்த்தால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் பெருகின. கலந்து வைத்து, 11 மணி நேரம் வெளிச்சம் 11 மணி நேரம் இருட்டு என்று 22 மணி நேர நாளைக் கொடுத்தபோது, சில வாரங்களில் குறுகிய கடிகாரம் உள்ளவை குடுவையை நிறைத்தன. 15 மணி நேரம் வெளிச்சம் 15 மணி நேரம் இருட்டு என்று கொடுத்தபோது நீண்டவை வென்றன. இடைவிடாத வெளிச்சத்தில் விட்டபோது எந்த வகையும் மற்றதைத் தள்ளவில்லை. இரண்டும் சேர்ந்தே வளர்ந்துகொண்டிருந்தன.